தூக்கம் வராத இரவுகளும், நான் எறிந்த மாத்திரைகளும்



இந்த மாதச் செய்திக்காக ஜெபத்தில் காத்திருந்தபோது ஆவியானவர் ஒரு காரியத்தைக் குறித்து என்னை நெருக்கினார். அதை எழுதாமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். வேறு செய்தி எழுதிப் பார்த்தேன், ஓடவில்லை. காரணம், இது என்னைப் பற்றியது. உங்களில் அநேகருக்குத் தெரியாதது. என் மனைவிக்கும் ஒரு மூப்பருக்கும் மட்டுமே தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் புறப்பட்டுப் போன பிறகு ஒரு சகோதரி மட்டும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தார். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை. (அவர் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை விட்டுவிட்டேன்.) கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "பாஸ்டர், டாக்டர் குடுத்த நரம்பு மாத்திரைய நிறுத்திட்டேன். ஆண்டவர் சுகம் குடுத்துட்டாருன்னு உபவாச ஜெபத்துல சாட்சியும் சொல்லிட்டேன். ஆனா ஆறு நாளா ராத்திரி கண்ணு மூடல. தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குது. இப்ப திரும்ப மாத்திரை போட்டா, ஆண்டவர்கிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடுமா?"

பிரியமானவர்களே, அவர் சாட்சி சொன்னபோது "அல்லேலூயா" என்று முதலில் கை தட்டினவன் நான். என்ன மாத்திரை, எவ்வளவு நாளாகச் சாப்பிட்டார், டாக்டர் நிறுத்தச் சொன்னாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே வழியில் நடந்து விழுந்தவன் நான். தெரிந்திருந்தும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மாதம் வேறு எதையும் எழுத முடியவில்லை.

2021 மே மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனா இரண்டாம் அலை. அதற்கு முந்தின வருஷ ஊரடங்கிலேயே தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் மூடி, ஜனங்கள் கையில் காசில்லாமல் தவித்தார்கள். இரண்டாம் அலையில் அடக்க ஆராதனை மேல் அடக்க ஆராதனை. நாலு பேர், ஐந்து பேர் நின்று அவசர அவசரமாக மண் போட்டுவிட்டு வந்தோம். பாட்டுக்கூடப் பாட முடியவில்லை. எல்லாம் ஓய்ந்து, கம்பெனி திறந்து, சபையும் கூடின பிறகுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. காலை 3 மணிக்கு விழிப்பு. சாப்பாடு இறங்காது. பிரசங்கம் தயார்பண்ண வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தை இருபது தடவை படிப்பேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். "என்னங்க, நீங்க இந்த வீட்லயே இல்ல" என்றாள் என் மனைவி. அவள்தான் என்னை வேலூருக்கு மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மனச்சோர்வு நோய் என்று சொல்லி செர்ட்ராலின் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் சாப்பாடு இறங்கியது. தூக்கம் வந்தது. ஜெபமும் வந்தது.

ஆனால் வெட்கம் போகவில்லை. மாத்திரை அட்டையைப் பிஸ்கட் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். ஒருமுறை விசுவாசி ஒருவர் பார்த்துவிட்டு "என்ன மாத்திரை ஐயா?" என்று கேட்டார். "சுகர்" என்றேன். பிரசங்க பீடத்தில் நிற்கிறவன் சொன்ன பொய் இது. கர்த்தர் மன்னித்தார், நீங்களும் மன்னியுங்கள்.

ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கழித்து வெளியூரில் ஒரு எழுப்புதல் கூட்டம். ஒருவர் மேடையில் ஏறி, மருந்துகளை எல்லாம் தூக்கி எறிந்தேன், அன்றைக்கே விடுதலையானேன் என்று சாட்சி சொன்னார். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். என் நெஞ்சில் அம்பு தைத்தது போலிருந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மீதி மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. விசுவாசம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் பாதி வெட்கம்தான்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது மாதிரி ஒரு வெட்டு. எழுந்தால் கிறுகிறுப்பு. வயிற்றைப் புரட்டல். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம். பையன் பேனாவைத் தொலைத்ததற்கு அவனை அடித்துவிட்டேன். எல்லாவற்றிலும் பெரிய உபத்திரவம் இரவுதான். பதினொரு மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. பெங்களூர் லைனில் ரயில் போகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன். விடியற்காலம் அரைமணி கண் அசந்தால், கண்ணாடி போல் தெளிவான பயங்கரச் சொப்பனங்கள். ஒரு சொப்பனத்தில் நம் சபையில் ஒரு தாயாரின் சவப்பெட்டியைப் பார்த்தேன். கர்த்தர் காட்டுகிறார் என்று நினைத்து, அந்தத் தாயாரிடம் சொல்ல வீட்டுவாசல் வரைக்கும் போய்விட்டேன்! கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டுக்காக இன்றும் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன். அவர்கள் இன்றும் நலமாக இருக்கிறார்கள், இந்தப் பத்திரிகையையும் வாசிக்கிறார்கள்.

இது பிசாசின் போராட்டம் என்று முடிவு செய்தேன். நிலைக்காலில் எண்ணெய் பூசினேன். ராத்திரி 2 மணிக்கு உரத்த சத்தமாய்க் கட்டி ஜெபித்தேன், கடிந்துகொண்டேன். கடிந்துகொள்ளக் கடிந்துகொள்ள இருதயம் படபடத்து, இருந்த கொஞ்ச தூக்கமும் ஓடியது. பத்தாம் நாள் என் மனைவி பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஏற்றினாள்.

மருத்துவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவர் விளக்கிச் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். இந்த மாத்திரைகள் மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசுகிற விதத்தை மெதுவாய் மாற்றுகின்றன. மாதக்கணக்கில் சாப்பிடும்போது உடம்பு அதற்குத் தக்கபடி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. திடீரென்று எடுத்துவிட்டால், பழைய நிலைக்குத் திரும்ப உடம்புக்கு நேரம் வேண்டும். அந்த இடைக்காலத்தில்தான் தூக்கமின்மை, தெளிவான கெட்ட சொப்பனம், கிறுகிறுப்பு, தலைக்குள் ஷாக், அழுகை, எரிச்சல் எல்லாம். இது சாராயத்துக்கு அடிமையாகிற மாதிரி அடிமைத்தனம் அல்ல. "இன்னும் வேணும், இன்னும் வேணும்" என்கிற வெறி இதில் கிடையாது. ஆனால் உடம்பு பழகிவிட்டது என்பது உண்மை. எல்லாருக்கும் வராது. வந்தவர்களில் அநேகருக்கு ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசமும் உண்டு. பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் போன்றவை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறுவதால் தொந்தரவு அதிகம். ஃபுளுவாக்ஸ்டின் வாரக்கணக்கில் தங்கியிருந்து மெதுவாகப் போவதால் பெரும்பாலும் குறைவு.

"நோயே திரும்பிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: மாத்திரை நிறுத்தின சில நாளுக்குள்ளேயே தொடங்கி, ஷாக், கிறுகிறுப்பு மாதிரி முன்னே இல்லாத சரீர அடையாளங்களோடு வந்தால், அது பெரும்பாலும் மருந்தை நிறுத்தினதால் வருவது. நோய் திரும்புவது என்றால் பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து, பழைய துக்கமும் நம்பிக்கையின்மையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவரும். இரண்டும் கலந்தும் வரலாம். அதனால் நாமே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு மறுபடியும் மாத்திரை ஆரம்பித்தார். சில நாளில் ஷாக் நின்றது. பல மாதம் நிலையாய் இருந்த பிறகுதான் குறைக்க ஆரம்பித்தோம். அதுவும் எப்படி? ஒரு படி குறைப்பது, சில வாரம் காத்திருப்பது, உடம்பு ஒத்துக்கொண்டால் அடுத்த படி. ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே நிற்பது. ஆச்சரியம் என்னவென்றால், ஆரம்பத்தில் சுலபமாய்க் குறைந்தது, கடைசித் துண்டுதான் பாடுபடுத்தியது. மாத்திரையைப் பாதியாக்கினால் மூளையில் அதன் வேலை பாதியாவதில்லையாம். சிறிய அளவிலேயே அது பெரும் வேலை செய்கிறது. ஆகவே கடைசி மில்லிகிராம்களை எடுக்கும்போதுதான் இறக்கம் செங்குத்தாகிறது. 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை விளக்கி, முடிவை நெருங்க நெருங்க இன்னும் சிறிய படிகளாக இறங்க வேண்டும் என்று எழுதினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும் என்று நாமாகக் கணக்குப் போடுவதும் தவறு. சீக்கிரம் வெளியேறுகிற மருந்துகளில் அது உடம்பை ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி. சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. என் அளவு உங்கள் அளவு அல்ல, ஆகவே அளவை இங்கே எழுதவில்லை.

இதை நான் மூப்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். முப்பது வருஷம் தோல் ஷாப்பில் டிரம் போட்டவர். "இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே பாஸ்டர். தோலுக்கு ஆசிட் விடும்போது மொத்தத்தையும் ஒரேயடியா ஊத்துனா தோலு வெந்து போயிடும். தண்ணி கலந்து, மூணு தடவையா, நடுவுல டிரம்ம ஓடவிட்டு ஓடவிட்டுத்தான் ஊத்தணும். அவசரப்பட்டவன் தோலு மார்க்கெட்டுக்குப் போகாது." நான் பைபிள் காலேஜில் டிப்ளமா படித்தவன். இந்தப் பாடம் எனக்கு டிரம் மேஸ்திரியிடம்தான் கிடைத்தது. பேதுரு யோப்பாவில் அநேக நாள் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில்தானே தங்கியிருந்தார் (அப்போஸ்தலர் 9:43)!

அன்று இராத்திரி வேதத்தில் தேடினேன். யாத்திராகமம் 23:29, 30 வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். கானானியரை ஒரே வருஷத்தில் துரத்தமாட்டேன், சிறிது சிறிதாகவே துரத்துவேன் என்கிறார் கர்த்தர். ஏன்? அவருக்குப் பெலன் இல்லையா? செங்கடலை ஒரே இரவில் பிளந்தவர் அல்லவா! காரணத்தை அவரே சொல்லுகிறார்: ஒரேயடியாய்த் துரத்தினால் தேசம் பாழாகிவிடும், காட்டு மிருகங்கள் பெருகிவிடும். உபாகமம் 7:22-லும் அதே வார்த்தை. நான் ஒரே ராத்திரியில் துரத்தப் பார்த்தேன். காட்டு மிருகம் வீட்டுக்குள் வந்தது. என் பிள்ளையை அடித்த கை அதுதான்.

பெத்சாயிதாவில் குருடனை இயேசு இரண்டு தரம் தொட்டார் (மாற்கு 8). முதல் தொடுதலுக்குப் பிறகு அவனுக்கு மனுஷர் நடக்கிற மரங்களைப் போல் தெரிந்தார்கள். அந்த நேரத்தில் அவனை நம் சபை மேடையில் ஏற்றியிருந்தால் என்ன செய்திருப்போம்? "முழு சுகம் என்று அறிக்கையிடு, அவிசுவாசம் பேசாதே" என்றிருப்போம். இயேசு அப்படிச் சொல்லவில்லை. இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டார். அவன் உள்ளதைச் சொன்னான். மறுபடியும் தொட்டார்.

"பாஸ்டர், மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னுதானே அர்த்தம்?" என்று கேட்கிறவர்களுக்கு: எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வரும் என்று வாக்குக் கொடுத்த அதே தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். பவுலின் ஊழிய கூட்டத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். எலியாவையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று ஜெபித்துப் படுத்தவருக்கு தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டான். திரும்ப எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். அதன்பிறகுதான் ஓரேபுக்குப் பிரயாணம்.

நம் தேசத்திலும் சாட்சி உண்டு. ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற மிஷனரியை மூத்த விசுவாசிகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவுக்கு வந்த முதல் வருஷங்களிலேயே மனமும் சரீரமும் உடைந்து, ஊழியத்தை விட்டு ஓய்வுக்குப் போக வேண்டியதாயிற்று. லக்னோவில் ஒரு ஜெபவேளையில் கர்த்தர் அவரைத் தூக்கி நிறுத்தினார். அற்புதம்தான்! அதே மனுஷர் பின்னாளில் என்ன செய்தார்? 1950-ல் அதே லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மருத்துவ நிலையம் உண்டாகக் காரணமாயிருந்தார். ஜெபத்தில் சுகம் பெற்றவர் மருத்துவத்தைப் பகைக்கவில்லை. நமக்குப் பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே அனுமதிக்கப்படுகிறவரோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கவேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வரக்கூடாது என்பதை அங்கே முறையாகவே வைத்திருக்கிறார்கள். சபையில் நாம் அதை எப்போது கற்றுக்கொள்ளுவோமோ!

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் எரிந்துபோனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்கள் மதம் வேறு என்று விரல் நீட்டாதிருங்கள். நம் ஜெபவீடுகளிலும் கட்டிப்போட்டு ஜெபித்த நாட்கள் உண்டு என்று மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடைசெய்கிறது. ஆனால் "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்கிற வார்த்தையும் ஒரு சங்கிலிதான். அதைச் சட்டம் வந்து அவிழ்க்காது.

சரி, மாத்திரை குறைகிற அந்த இரவுகளை எப்படிக் கடப்பது? இதைத்தான் அந்தச் சகோதரியும் கேட்டார். எனக்கு உதவினதைச் சொல்லுகிறேன்.

படுக்கையில் கிடந்து தூக்கத்தோடு மல்லுக்கட்டாதிருங்கள். இருபது நிமிஷம் போல் ஆகியும் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். (கடிகாரம் பார்க்கக்கூடாது, உத்தேசம்தான். நான் கடிகாரத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.) முன்அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மங்கின வெளிச்சத்தில் உட்காருவேன். போனைத் தொடமாட்டேன். எண்ணாகமத்தில் கோத்திரங்களின் தொகைக் கணக்கை மெதுவாய் வாசிப்பேன்; அந்த அதிகாரங்களை ஆண்டவர் ஏன் எழுதிவைத்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது! கண் சொக்கினால் மட்டும் திரும்பப் போய்ப் படுப்பேன். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடியும் கற்றுக்கொள்ள இதுதான் வழி என்று மருத்துவர் சொன்னார். முதல் வாரம் மூன்று நான்கு தடவை எழுந்தேன். எரிச்சலாய்த்தான் இருந்தது.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். நான் ஐந்தரைக்கு எழுந்து காலை வெயிலில் நடந்தேன். ஞாயிறு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிநேரம் தூங்குகிற நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்ச நாள் விடவேண்டும். டீயும் அப்படித்தான். சாயங்காலம் ஐந்து மணி டீயின் சத்தில் ஏறக்குறைய பாதி பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். ஷிப்டில் டீயை வைத்தே ஓட்டுகிறவர்களுக்கு இது கஷ்டம், தெரியும். மத்தியானத்தோடு நிறுத்திப் பாருங்கள். சகோதரர்களே, தூக்கத்துக்காக என்று டாஸ்மாக் பக்கம் போகாதிருங்கள். குடி முதலில் தள்ளிவிடும், நடுராத்திரியில் எழுப்பிவிடும். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார்கள், மெடிக்கலில் கேட்டதும் கொடுத்தார்கள் என்று அல்பிரசோலம் போடாதிருங்கள். ஒரு கயிற்றை அவிழ்க்கப்போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளுவீர்கள்.

இராத்திரியில் எப்படி ஜெபிப்பது? யுத்த ஜெபத்தைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் சங்கீதம் படுக்கையில் இருதயத்தோடு பேசி அமைதலாயிருக்கச் சொல்லுகிறது. நான் சபையாரின் பெயர்களை வீட்டு வரிசைப்படி உதட்டை அசைக்காமல் சொல்லி வந்தேன். பாதித் தெருவுக்கு மேல் போனதாக ஞாபகம் இல்லை. தூக்கம் வராத பரிசுத்தவான்கள் நமக்கு முன்னே இருந்தார்கள். 77-ம் சங்கீதக்காரன் கர்த்தரே தன் கண்ணிமைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று குறைசொல்லுகிறான். பவுல் தன் பாடுகளின் பட்டியலில் கண்விழிப்புகளையும் சேர்க்கிறார். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லுவோமா?

சொப்பனங்களைக் குறித்து நம் சபைக்கு விசேஷமாய் ஒரு வார்த்தை. யோசேப்புக்கும் தானியேலுக்கும் வெளிப்படுத்தினவர் இன்றும் மாறாதவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மாத்திரைகளில் அநேகம், சொப்பனம் காண்கிற தூக்கத்தை அடக்கிவைக்கின்றன. நிறுத்தும்போது அடக்கிவைத்தது பெருக்கெடுக்கிறது. சொப்பனங்கள் நிஜத்தைவிட நிஜமாயிருக்கும். பிரசங்கி 5:3-லேயே தொல்லையின் மிகுதியால் வருகிற சொப்பனம் என்று ஒன்று உண்டு. ஆகவே மாத்திரை குறைக்கிற நாட்களில் கண்ட சொப்பனத்தை யாரிடமும் தீர்க்கதரிசனமாகச் சொல்லாதிருங்கள். எழுதி வைத்து என்னிடம் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து வாசிப்போம். அந்தப் பூட்டின கதவை நான் மறக்கவில்லை.

வீட்டாருக்கு: அவர் எரிந்து விழுந்தால் கொஞ்ச நாள் பொறுங்கள். ராத்திரி எழுந்து நடந்தால் "ஏன் இன்னும் தூங்கல?" என்று மட்டும் கேட்காதீர்கள். என் மனைவி ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு தம்ளர் சுடுதண்ணீர் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

ஷூ கம்பெனிக்குப் போகிற நம் சகோதரிகள் விடியுமுன் எழுந்து சமைத்து, கம்பெனி பஸ் பிடித்து, நாள் முழுவதும் மிஷினில் குனிந்து, திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு. அவர்களில் ஒருவர் மாத்திரை குறைக்கிறார் என்றால், காலைச் சமையலை வீட்டில் வேறு யாராவது சில வாரம் பார்க்கக்கூடாதா? ஆண்கள் இதை வாசிக்கிறீர்கள்தானே?

எல்லாரும் நிறுத்தியே தீரவேண்டும் என்றும் இல்லை. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்லுவது மருத்துவர்களின் பொதுவான முறை. திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்கு வருஷக்கணக்கில் வேண்டியிருக்கும். பிரஷர் மாத்திரையைப் பற்றி யாரும் சாட்சியில் வெட்கப்படுவதில்லையே. வேறு மனநோய்களுக்கும் வலிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், ஒருவேளையைக்கூட நீங்களாக நிறுத்தவேண்டாம். அங்கே ஆபத்து இன்னும் பெரிது.

தூக்கமில்லாத இரவில் சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டாரை எழுப்புங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இராப்பகல் எந்நேரமும் இலவசமாய்த் தமிழில் பேசலாம். 2022 முதல் அரசாங்கம் நடத்துகிறது. என் வீட்டுக் கதவையும் தட்டலாம். மூன்று மணியானாலும் சரி, நான் அந்த மணிநேரத்தை அறிந்தவன்.

மூப்பர்களோடு பேசி சில காரியங்களை ஒழுங்கு செய்திருக்கிறோம். மருந்தை நிறுத்தினேன் என்கிற சாட்சியை, மருத்துவர் சம்மதித்தார் என்று தெரிந்த பிறகே மேடையில் சொல்ல வைப்போம். மாத்திரை சாப்பிடுகிறவர்களும் குறைக்கிறவர்களும் முழு இரவு ஜெபத்துக்கு வரவேண்டியதில்லை. அவர்களுக்காக வெள்ளி மாலை ஆறரை முதல் எட்டு வரை ஜெபக்கூட்டம். உபவாசத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். பீடத்துப் படியில் உட்கார்ந்து பிஸ்கட் டப்பா கதையை முழுவதும் சொன்னேன். முதல்தடவையாக வெளியில் சொன்னது அன்றைக்குத்தான். "ஆண்டவர்கிட்ட நீ பொய் சொல்லலம்மா. பாதி வழியில இருக்கிறத முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்ட. நானும் கை தட்டிட்டேன்" என்றேன். மறுநாள் அவர் தாயாரும் என் மனைவியும் கூடப்போய் மருத்துவரைப் பார்த்தார்கள். மாத்திரை திரும்ப ஆரம்பமானது. இப்போது இரண்டாவது படி குறைத்திருக்கிறார். போன வாரம் நான்கு நாள் நன்றாய்த் தூங்கினாராம், மூன்று நாள் இல்லை. ஜெபக்குறிப்பில் "ஒரு சகோதரியின் தூக்கத்துக்காக" என்று போட்டிருக்கிறோம். பெயர் கேட்காமல் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பாஸ்டர்